அக்டோபருக்குள் நுழைந்த நவம்பர்

2021 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை காலை. தென்கொரியத் தலைநகர் சியோலில் வெப்பமானி 1.3 டிகிரி செல்சியஸ் காட்டியது. முந்தைய இரவே குளிர் அலை எச்சரிக்கை வெளியாகியிருந்தது. அக்டோபரில் அந்த நகரத்துக்கு இப்படியொரு எச்சரிக்கை வந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்டோபர் நடுவில் அவ்வளவு குளிர்ந்த காலையை அதற்கு முந்தைய 64 ஆண்டுகளில் சியோல் கண்டதில்லை.

இதே 1.3 டிகிரி அங்கே ஒரு ஜனவரிக் காலையில் பதிவாகியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். சியோலின் ஜனவரிக் காலைச் சராசரி மைனஸ் 5.5 டிகிரி. அதோடு ஒப்பிட்டால் 1.3 என்பது கிட்டத்தட்ட ஏழு டிகிரி கூடுதல். "இன்னைக்குக் குளிரே இல்லையே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

எண் ஒன்று, பொருள் இரண்டு. வித்தியாசத்தை உண்டாக்குவது தேதி. அந்தத் தேதியில் அந்த இடத்தில் எவ்வளவு குளிர் எதிர்பார்க்கத் தக்கது என்பதைத்தான் வானிலைத் துறையினர் 'இயல்பு வெப்பநிலை' என்கிறார்கள். இயல்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி 'விலகல்'. "இயல்பைவிட 6 டிகிரி குறைவு" என்று செய்தியில் வருவது இந்த விலகலைத்தான். இலையுதிர்காலத்தில் இந்தக் கணக்கு மற்ற பருவங்களைவிடச் சற்று வேடிக்கையாக நடந்துகொள்ளும். ஏனென்றால் ஒப்பிட வைத்திருக்கும் அந்த இயல்பே அப்போது ஒரு இடத்தில் நிற்பதில்லை.

இயல்பு என்றால் என்ன?

அடிப்படை எளிது. ஒரு நிலையத்தில் முப்பது ஆண்டுகளாக எடுத்த அளவீடுகளின் சராசரிதான் இயல்பு. 1935இல் வார்சாவில் கூடிய சர்வதேச வானிலை மாநாடு, 1901 முதல் 1930 வரையிலான முப்பது ஆண்டுகளைப் பொது அளவுகோலாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைத்தது. அந்த முப்பதாண்டு வழக்கம் உலக வானிலை அமைப்பின் காலத்திலும் தொடர்கிறது. இப்போது புழக்கத்தில் உள்ளது 1991–2020 காலப்பகுதி. பத்தாண்டுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்கிறார்கள். முப்பது என்ற எண்ணுக்குப் பின்னால் இயற்கை விதி எதுவும் கிடையாது. ஓரிரு விசித்திரமான ஆண்டுகள் சராசரியை இழுத்துவிடாத அளவுக்கு நீளம், ஓரளவு எல்லா நிலையங்களிடமும் பதிவுகள் கிடைக்கும் அளவுக்குக் குறுகல். ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொள்ளாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான்.

மாதத்துக்கு ஓர் இயல்பு இருப்பதுபோல் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இயல்பு உண்டு. அக்டோபர் 17க்கு வேண்டுமென்றால் முப்பது அக்டோபர் 17களை எடுக்கலாம். ஆனால் முப்பது எண்கள் போதாது. தற்செயலாக 17ஆம் தேதிகள் மட்டும் வெதுவெதுப்பாக இருந்திருக்கக்கூடும். அதனால் முன்னும் பின்னும் உள்ள நாட்களையும் சேர்த்து, மேடுபள்ளங்களைத் தேய்த்து, ஆண்டு முழுவதற்கும் ஒரு வழவழப்பான வளைகோடாக்கிவிடுவார்கள். நாள் இயல்பு என்று நாம் படிப்பது அந்தக் கோட்டின் ஒரு புள்ளி.

'இயல்பு' என்ற சொல் ஒரு வகையில் ஏமாற்றுக்காரச் சொல். அப்படித்தான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏதோ கோளாறு என்று தொனிக்கிறது. உண்மையில் துல்லியமாக இயல்பில் வந்து நிற்கும் நாள் அபூர்வம். 5 டிகிரிக் காலையும் 15 டிகிரிக் காலையும் மாறி மாறி வரும் ஓர் இடத்தின் சராசரி 10. ஆனால் அங்கே 10 டிகிரிக் காலை ஒன்றுகூட வராமலும் போகலாம்.

சரிந்துகொண்டே போகும் அளவுகோல்

சியோலின் மாதச் சராசரிகளைப் பாருங்கள், எல்லாம் 1991–2020 கணக்கு. ஜூலை 25.3, ஆகஸ்ட் 26.1. இரண்டு மாதங்களுக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசமில்லை. பிறகு செப்டம்பர் 21.6, அக்டோபர் 15.0, நவம்பர் 7.5, டிசம்பர் 0.2. மாதத்துக்கு ஏறக்குறைய ஏழு டிகிரி என்ற வேகத்தில் இயல்பு கீழே இறங்குகிறது. நாள் கணக்கில் சொன்னால் நான்கு நாளுக்கு ஒரு டிகிரி.

இதிலிருந்து வரும் முதல் விளைவு: இலையுதிர்காலத்தில் "போன வாரத்தைவிடக் குளிர்" என்பது செய்தியே இல்லை. எதுவும் நடக்காமலேயே ஒரு வாரத்தில் இரண்டு டிகிரி குறைந்திருக்கவேண்டும். நேற்றோடு ஒப்பிடுவது ஒன்று, இயல்போடு ஒப்பிடுவது வேறொன்று. செய்தித் தலைப்புகள் இரண்டையும் போட்டுக் குழப்புவதுண்டு. "ஒரே நாளில் 8 டிகிரி வீழ்ச்சி" என்பது பயங்கரமாகக் கேட்கும். முந்தைய நாள் இயல்பைவிட 8 டிகிரி கூடுதலாக இருந்திருந்தால், அந்த வீழ்ச்சி ஊரை இயல்புக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இரண்டாம் விளைவு எனக்கு ரொம்பப் பிடித்தது. இலையுதிர்காலத்தில் வெப்பநிலை இரண்டு வாரம் மாறாமல் நின்றால் அதுவே ஒரு விலகல். கோடு மூன்றரை டிகிரி இறங்கிப்போயிருக்கும், நாம் மட்டும் அதே இடத்தில் நிற்போம். அதேபோல ஒரு குளிர் வந்து இறங்கி, அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரிகூட வெயில் ஏறாமலேயே அந்த விலகல் நாளுக்கு நாள் சுருங்கும், இயல்பு தானே இறங்கி வந்து அதைத் தொட்டுவிடும் என்பதால்.

ஆகவே இலையுதிர்கால விலகலை டிகிரியில் மட்டுமல்ல, நாட்களிலும் மொழிபெயர்க்கலாம். அக்டோபர் நடுவில் சியோலின் காலை இயல்பு 10 டிகிரியை ஒட்டியது. 1.3 என்றால் கிட்டத்தட்ட 9 டிகிரி பள்ளம். நான்கு நாளுக்கு ஒரு டிகிரி என்றால் அது சுமார் ஐந்து வாரம். நவம்பர் மூன்றாம் வாரத்துக்குரிய ஒரு காலை, அழைக்காமலே அக்டோபருக்குள் வந்து நின்றது. இலையுதிர்காலக் குளிர் அலை எதைப் பார்த்தாலும் நான் முதலில் போடும் கணக்கு இதுதான்: எத்தனை வாரம் முந்திக்கொண்டு வந்திருக்கிறது? "9 டிகிரி குறைவு" என்பதைவிட இது சட்டென்று புரிகிறது.

குளிர் எங்கிருந்து கிளம்புகிறது?

செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகின்றன. அதற்குப் பிறகு வட அரைக்கோளத்தில் வடக்கே போகப் போகப் பகல் வேகமாகச் சுருங்கும். 60 பாகை அட்சரேகையில் அந்த நாட்களில் தினமும் 5 நிமிடத்துக்கு மேல் பகல் குறைகிறது. துருவப் பகுதி இருளுக்குள் நுழைகிறது. சைபீரியாவிலும் வடகனடாவிலும் தரை பனிபோர்த்துக்கொள்கிறது. வெண்பனி வெயிலைத் திருப்பியனுப்பும், தரையின் வெப்பத்தையும் மேலே காற்றுக்குச் சேரவிடாது. ஆகவே அதன் மேல் படியும் காற்று நாளுக்கு நாள் குளிர்ந்து, கனத்து, தேங்கி நிற்கும். கடல்கள் அப்படியில்லை. கோடையில் வாங்கிய சூட்டை அவை அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. வடக்கே குளிர்க் கிடங்கு, தெற்கே இன்னும் வெதுவெதுப்பு. இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றாறுதான் ஜெட் ஸ்ட்ரீம். வெப்ப வேறுபாடு கூடக் கூட இதன் வேகமும் கூடும்.

இந்த ஆறு நேராக ஓடினால் குளிர் அதன் இடத்தில் இருக்கும். ஆனால் அது வளைந்து நெளிந்துதான் ஓடும். ஒரு வளைவு தெற்கு நோக்கித் தொங்கும்போது அதன் வழியாகத் துருவக் காற்று கீழே வழிந்துவிடுகிறது. பக்கத்திலேயே இன்னொரு வளைவு வடக்கு நோக்கி எழும்பியிருக்கும், அங்கே வெப்பக் காற்று ஏறும். ஓரிடத்தில் குளிர் அலை அடிக்கும் அதே வாரத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இன்னோரிடம் இயல்பைவிட வெப்பமாக இருப்பது தற்செயல் அல்ல. ஒரே அலையின் பள்ளமும் மேடும் அவை.

இந்த வளைவுகளை உலுக்கிவிடும் சக்திகளில் ஒன்று, வெப்பமண்டலத்திலிருந்து வழிதவறி வடக்கே போகும் புயல். 2014 நவம்பர் தொடக்கத்தில் நூரி என்ற சூறாவளியின் மிச்சம் பசிபிக்கில் வடக்கே ஏறி, பேரிங் கடலில் 924 ஹெக்டோபாஸ்கல் வரை அழுத்தம் சரிந்த ராட்சதப் புயலாக உருமாறியது. அது ஜெட் ஸ்ட்ரீமை உலுக்கியதில் அலாஸ்கா பக்கம் வெப்பக் காற்று மேலேற, அதற்கு எதிர்வளைவாக வட அமெரிக்காவின் நடுப்பகுதி மீது துருவக் காற்று கொட்டியது. வெப்பமண்டலக் கடலில் பிறந்த ஒன்று, ஒரு கண்டத்தின் நடுவே நவம்பரை ஜனவரியாக்கிவிட்டது.

தரையில் இருப்பவருக்கு இது பெரும்பாலும் மூன்று கட்டமாகத் தெரியும். முதலில் குளிர் முகப்பு, அதாவது வந்து நுழையும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்து போகும்: காற்று திசை மாறும், மழையோ பனியோ தூவும், சில மணி நேரத்தில் வெப்பநிலை விழும். அடுத்தது, காற்றும் மேகமுமாகச் சூடேறாத ஒரு பகல். கடைசியாக உயர் அழுத்தம் வந்து உட்காரும். மேகம் கலைந்து, காற்று ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். 'அப்பாடா, விட்டது' என்று நினைக்கும் அந்த இரவில்தான் தரை தன் வெப்பத்தைத் தடையின்றி வானத்துக்குக் கொடுத்துவிடும். மறுநாள் விடியலில்தான் முழு அலையின் மிகக் குறைந்த எண் பதிவாவது வழக்கம். பள்ளத்தாக்குகளில் இன்னும் மோசம், கனத்த குளிர்காற்று நீர்போல அங்கே வந்து தேங்கும்.

இதனால்தான் பகல் விலகலையும் இரவு விலகலையும் தனித்தனியே பார்க்கவேண்டும். மேகம் மூடிய நாளில் அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட வெகுவாகக் குறையும், இரவோ மேகப் போர்வையால் இயல்பை ஒட்டியே நிற்கும். தெளிந்த நாளில் தலைகீழ். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சொன்னால் எது நடந்தது என்றே தெரியாது.

எவ்வளவு விலகினால் 'அலை'?

இதற்கு உலகப் பொது விடை கிடையாது. ஒவ்வொரு நாடும் எதைக் கண்டு அஞ்சுகிறது என்பதை அதன் விதி காட்டிக்கொடுக்கும். தென்கொரியாவில் எச்சரிக்கையின் முதல் படிக்கு ஒரு வழி: காலை வெப்பநிலை முந்தைய நாளைவிட 10 டிகிரியாவது விழவேண்டும், 3 டிகிரிக்குள் இறங்கவேண்டும், இயல்பைவிட 3 டிகிரி குறைவாகவும் இருக்கவேண்டும். மூன்று ஒப்பீடுகளும் ஒரே விதிக்குள்: நேற்றோடு, நிலையான ஓர் எண்ணோடு, இயல்போடு. சீனாவின் விதியில் இயல்புக்கே வேலையில்லை. 24 மணி நேரத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 8 டிகிரியாவது வீழ்ந்து 4 டிகிரிக்குள் வந்தால் போதும். அங்கே வீழ்ச்சியின் வேகம்தான் பெரிது. இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளிகளுக்கு, குறைந்தபட்சம் 10 டிகிரிக்குள் இருந்து இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறையவேண்டும் என்கிறது.

விலகலை மட்டும் வைத்து இரண்டு ஊர்களை ஒப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. கண்டத்தின் நடுவே உள்ள ஊரில் வெப்பநிலை எப்போதுமே ஊஞ்சலாடும். அங்கே 5 டிகிரி விலகல் மாதத்தில் பலமுறை வரும். கடலோர ஊரிலோ வெப்பமண்டலத்திலோ காலை வெப்பநிலை ஓரிரு டிகிரிக்குள் அடங்கிக் கிடக்கும், அங்கே 5 டிகிரி விலகல் வந்தால் அது தலைமுறைக்கு ஒருமுறை நடப்பதாக இருக்கலாம். அதனால் காலநிலை ஆய்வாளர்கள் வேறு வழியில் கேட்பார்கள்: இந்த இடத்தில், இந்தத் தேதியை ஒட்டிய நாட்களில், இவ்வளவு குளிர் நூற்றில் எத்தனை முறை வரும்? உலக அளவில் புழங்கும் ஒரு குறியீடு, மிகக் குளிர்ந்த பத்து விழுக்காட்டுக்குள் விழும் காலைகள் தொடர்ந்து குறைந்தது ஆறு வந்தால்தான் அதைக் குளிர் அலைக் காலமாக எண்ணுகிறது. அந்த அளவுகோலில் இரண்டு நாள் வந்து நடுக்கிவிட்டுப் போகும் இலையுதிர்காலக் குளிர்களில் பலவும் கணக்கிலேயே வராது. ஆட்கள் நடுங்கியது மட்டும் நிஜம்.

இங்கே ஓர் இடைச்செருகல். விலகலை ஃபாரன்ஹீட்டிலிருந்து மாற்றும்போது 32ஐக் கழிக்கக்கூடாது. "இயல்பைவிட 18 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவு" என்றால் 10 டிகிரி செல்சியஸ் குறைவு, ஐந்தை ஒன்பதால் வகுத்துப் பெருக்கினால் போதும். 18ஐ அப்படியே அலகு மாற்றும் கருவியில் போட்டு "மைனஸ் 7.8" என்று எழுதிவிடும் பிழை எளிதில் நேர்வது. "வழக்கத்தைவிட 50 விழுக்காடு குளிர்" என்பதோ பிழைகூட இல்லை, வெறும் சத்தம். செல்சியஸின் சுழியம் நீர் உறையும் இடம், குளிரின் அடிமட்டமல்ல. அதில் விழுக்காடு போட வழியில்லை.

மரத்துக்கும் தேதி தெரியும்

எண் அதேதான் என்றால் உடம்புக்கும் செடிக்கும் எதற்கு வித்தியாசம்? பழக்கம்தான். கோடை முடிந்த உடம்பு 8 டிகிரியில் நடுங்கும். குளிர்காலம் கழித்து வந்த உடம்புக்கு அதே 8 டிகிரி வசந்தம். தாவரங்களில் இது இன்னும் கறாரான கணக்கு. பகல் சுருங்குவதையும் குளிர் படிப்படியாகக் கூடுவதையும் உணர்ந்து மரங்கள் தம் செல்களில் சர்க்கரையைக் கூட்டி, நீரின் இருப்பை மாற்றி, உறைவதைத் தாங்கத் தயாராகும். அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும்.

1940 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் நடுமேற்கில் காலை இதமாக விடிந்தது. வாத்து வேட்டைக்கு மெல்லிய உடையில் கிளம்பியவர்கள் பலர். பகலிலேயே பனிப்புயல் மோதியது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அயோவா மாநிலத்தின் ஆப்பிள் தோட்டங்கள் அந்த உறைவில் பெருமளவு அழிந்தன. எத்தனையோ கடும் ஜனவரிகளைத் தாங்கிய மரங்கள் அவை. நவம்பர் 11இல் அவை இன்னும் இலையுதிர்காலத்தில் இருந்தன, குளிர் மட்டும் முன்னால் போய்விட்டது.

இயல்பு மாறினால் குளிரும் மாறுமா?

1981–2010 கணக்கில் சியோலின் அக்டோபர் சராசரி 14.8, புதிய கணக்கில் 15.0. சின்ன மாற்றம்தான். ஆனால் அளவுகோல் மேலேறினால் அதே குளிர் கொஞ்சம் ஆழமான பள்ளமாகத் தெரியும். பழைய செய்தியில் "5 டிகிரி குறைவு" என்றும் புதிய செய்தியில் "5.2 டிகிரி குறைவு" என்றும் இருந்தால் இரண்டாவது நாள் அதிகக் குளிராக இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. எந்த முப்பது ஆண்டுகளோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பார்க்கவேண்டும். நீண்டகால மாற்றத்தை அளக்க 1961–1990ஐ அசையாத அளவுகோலாகத் தனியே வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

குளிர் அலை வரும்போதெல்லாம் "புவி வெப்பமாகிறது என்றீர்களே" என்று ஒரு கேள்வி வரும். கேட்பவரை நக்கலடிப்பதில் பயனில்லை, கணக்குப் போட்டுக் காட்டலாம். ஒரு மாதத்தில் 7 நாட்கள் இயல்பைவிட 8 டிகிரி குறைவு, மீதி 23 நாட்கள் 3 டிகிரி கூடுதல் என்று கொள்வோம். மைனஸ் 56உம் பிளஸ் 69உம் சேர்ந்து பிளஸ் 13. முப்பதால் வகுத்தால் மாதம் இயல்பைவிட 0.4 டிகிரி வெப்பம். எல்லார் நினைவிலும் நிற்பது அந்த ஏழு நாட்கள்தான். வெப்பமாகும் உலகில் குளிர்ச் சாதனைகள் நின்றுவிடுவதில்லை, அரிதாகின்றன. அமெரிக்காவில் 2000களின் பத்தாண்டில் ஒரு தினசரிக் குளிர்ச் சாதனைக்குச் சுமார் இரண்டு வெப்பச் சாதனைகள் என்ற விகிதத்தில் பதிவாயின.

சராசரி எதையெல்லாம் விழுங்கும் என்பதற்கு 1911 நவம்பர் 11இன் ஓக்லஹோமா நகரப் பதிவேடு நல்ல சாட்சி. அன்று பகலில் 83 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 28.3 செல்சியஸ். அந்தத் தேதிக்கு அதுவே சாதனை வெப்பம். பிறகு குளிர் முகப்பு வந்து மோதியது. நள்ளிரவுக்குள் 17 ஃபாரன்ஹீட், மைனஸ் 8.3 செல்சியஸ். அதே தேதிக்கு அது சாதனைக் குளிர். ஒரே நாளில் பதிவான இரண்டு சாதனைகளும் நூறாண்டு கடந்தும் முறியவில்லை. இப்போது வழக்கப்படி இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள்: 50 ஃபாரன்ஹீட், சரியாக 10 செல்சியஸ். நவம்பர் இரண்டாம் வாரத்தில் அந்த நகரத்தின் இன்றைய நாள் சராசரி இயல்பு 12 டிகிரியை ஒட்டியது. தினசரிச் சராசரிப் பத்தியை மட்டும் பார்ப்பவருக்கு, 1911 நவம்பர் 11 சற்றே குளிர்ந்த ஒரு சாதாரண நாள்.